இந்த வாரம் யார் இரட்சிக்கப்படுவது?

ஓர் ஆத்துமா மனந்திரும்பும் நொடியில் பரலோகமே எழுந்து நின்று களிகூரும் என்பது சபையின் நம்பிக்கை. அந்தச் சபையின் மாடி அறையில் இந்த மகத்தான சம்பவம் சனிக்கிழமைதோறும், கடைசி பஸ்ஸுக்குச் சற்று முன்னால், தவறாமல் நடந்துவந்தது. மழையோ தேர்வோ மின்வெட்டோ அதைத் தடுத்ததில்லை. பரலோகம் வாரம் ஒருமுறை எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்துகொண்டது.

இதற்கெல்லாம் காரணகர்த்தா வாலிபர் அண்ணன். அவருடைய முன்னந்தலை வெளுத்துப் பல வருடங்கள் ஆயிற்று. வாலிபம் அவரை விட்டுப் போய்விட்டது, வாலிபர் கூட்டத்தை அவர் விடவில்லை. கூட்டத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்த மகள் மட்டும் வேறு வழியில்லாமல் அப்பா என்றாள்.

வார நாட்களில் அவர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, கனமான சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா? இல்ல, முன்னாடி போட்டது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். சனிக்கிழமை பிரசங்கத்திலும் வில்லை வந்துவிடும். பாவம் என்பது கிட்டப்பார்வை, உலக ஆசை என்பது கண்புரை, பரிசுத்தவான்கள் என்பவர்கள் ஆறுக்கு ஆறு பார்வை உள்ளவர்கள். டிரம்ஸ் வாசிக்கும் பையன், எல்லாரும் டமாரம் என்று கூப்பிடுகிறவன், அண்ணனுக்குப் பதிலாக ஒரு பல் டாக்டர் ஊழியத்துக்கு வந்திருந்தால் நம் கதி என்ன ஆகியிருக்கும் என்று ஒருமுறை கேட்டான். அதற்குப் பிறகு பிரசங்கத்தைக் கேட்க எல்லாருக்கும் கொஞ்சம் பொறுமை வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி முகாமுக்குப் போன அண்ணன் ஒரு தரிசனத்தோடு திரும்பினார். வாலிபர் ஊழியங்கள் பாழாய்ப் போவதற்குக் காரணம் கவனச் சிதறல். முக்கியமானது எதுவோ அதன்மேல் மட்டும் பார்வை இருக்க வேண்டும். மாடி அறையின் சுவரில் ஒரு பெரிய வில்லையை வரையச் சொல்லி, அதன் கீழே 'ஒரே குவியம்' என்று எழுதவைத்தார். பிறகு குவியத்துக்கு வெளியே இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தார். முதலில் கேரம் போர்டு போயிற்று. பிறகு நாடகம். பிறகு டீயும் பிஸ்கட்டும். அப்புறம் மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவது. கடைசியில், கூட்டம் முடிந்த பிறகு ஆளுக்கு ஆள் சும்மா பேசிக்கொண்டிருப்பது. அதுவும் சிதறல்தானே?

இப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சியது ஒன்றே ஒன்று: கூட்டத்தின் முடிவில் வரும் தீர்மான நேரம். எல்லாரும் தலை குனிய வேண்டும், கண்ணை மூட வேண்டும். மகள் கீபோர்டில் மெல்லிசாக வாசித்துக்கொண்டிருப்பாள். அண்ணன் குரலைத் தாழ்த்தி, "யாரும் பாக்க வேண்டாம். நான் மட்டும்தான் பாக்கறேன். இன்னிக்கு ஆண்டவருக்கு வாழ்க்கையக் குடுக்கறவங்க கையை மட்டும் உயர்த்துங்க" என்பார். ஒரு கை உயரும். வாரத்துக்கு ஒன்று. "பாத்துட்டேன், கீழ போட்டுக்கலாம்" என்பார். ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பார். எல்லாரும் படியில் தடதடவென்று இறங்கி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள்.

கேரம் போர்டு போனபோது சிலரும், டீ போனபோது பலரும் நின்றுபோனார்கள். நாற்பது பேர் வந்த இடத்தில் பதினைந்து பேர் வந்தார்கள். ஆனால் வாரம் ஒரு கை என்பது குறையவில்லை. ஆள் குறையக் குறைய அறுவடையின் விகிதம் ஏறிக்கொண்டே போவதை அண்ணன் கவனித்தார். இந்தக் கணக்கை அவர் மனைவியிடம் பெருமையாகச் சொன்னபோது, ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் அந்த அம்மாள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"வாரா வாரம் தவறாம ஒரே ஒருத்தர் மட்டும் குணமாகிட்டிருந்தா எங்க வார்டுல டாக்டரத்தாங்க சந்தேகப்படுவாங்க" என்றாள்.

விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொண்டார்.

செய்தி மேலிடத்துக்கு எட்டியது. பல சபைகளின் வாலிபர் ஊழியங்களை மேற்பார்க்கும் மண்டல ஐயா, தானே நேரில் வந்து இந்த அதிசயத்தைப் பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். எல்லா வாலிபர் தலைவர்களுக்கும் பயிற்சி கொடுக்க முழுநேர ஆள் ஒருவர் தேவைப்படுகிறார், ஒரு சனிக்கிழமை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். முடிவு என்னவென்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே கடை முதலாளியிடம் போய், தன்னைக் கர்த்தர் பெரிய இடத்துக்கு அழைக்கிறார் என்று சொன்னார். முதலாளி, கர்த்தரோடு போட்டி போட முடியாது என்று சொல்லிவிட்டு, அந்த வாரமே ஒரு புது ஆளைக் கொண்டுவந்து அண்ணனுடைய ஸ்டூலில் உட்காரவைத்துப் பழக்க ஆரம்பித்தார். அண்ணன் தன் கடையிலேயே நின்றுகொண்டு வேலை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாளைக்கான சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் மகள் போனில் பேசுவது கேட்டது. கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவள். யாரையும் அதட்டிப் பேசிப் பழகாதவள், இப்போது அதட்டிக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் முடியாது. நாளைக்கு நீதான் இரட்சிக்கப்படணும். போன தடவையும் டெலிவரி இருக்குன்னு சொல்லி டமாரம் தலையில கட்டிட்ட. அவன் ஒரே மாசத்துல ரெண்டு தடவ இரட்சிக்கப்பட்டுட்டான், பாவம்."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றது. வாசனை வந்த பிறகுதான் அண்ணன் அதைத் தூக்கினார்.

மகள் பேசியது கூரியர் என்பவனோடு. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். சனிக்கிழமைக்கு ஓர் ஆள் என்று முறை போட்டு வைத்திருந்தார்கள். போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் கதவருகில் அப்பா நிற்பதைப் பார்த்தாள். மறைக்கத் தெரியாத பெண். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

ஆரம்பித்தது அவள்தான். அவள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சமயம், ஒரு சனிக்கிழமை யாரும் கை தூக்கவில்லை. அண்ணன் விடவில்லை. கடைசிப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தார். பஸ் போய்விட்டது. பிள்ளைகள் நடந்தே வீட்டுக்குப் போய் ஆளாளுக்குத் திட்டு வாங்கினார்கள். அண்ணனோ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அதுக்கடுத்த வாரம் நானே தூக்கினேன். நீங்க அன்னிக்கு வீட்டுக்கு வந்து பாட்டெல்லாம் பாடுனீங்கப்பா. அம்மாகிட்டகூட நல்லாப் பேசுனீங்க."

"அது நீயா?"

"கண்ண மூடிட்டு இருந்தவங்களுக்குத்தான் தெரியாது. நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

அண்ணன் யோசித்துப் பார்த்தார். உண்மைதான், பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் பார்த்தது கைகளை. கை உயர்ந்ததும் மனசுக்குள் ஒரு மணி அடிக்கும். அந்தக் கையின் கீழே யார் முகம் இருக்கிறது என்று அவர் இறங்கி வந்து பார்த்ததில்லை. மகள் இதுவரை நான்கு தடவை இரட்சிக்கப்பட்டிருக்கிறாள். அவருக்கு அது செய்தி.

"அப்ப ஒருத்தர்கூட நிஜமா...?"

மகள் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்தாள். "அப்படிச் சொல்ல முடியாது. ஒருத்தி இருந்தா. சூப்பர்மார்க்கெட்ல பில்லு போடறவ, கொஞ்ச நாள் வந்துட்டிருந்தாளே. அவ ஒருநாள் அழுதுட்டே எங்கிட்ட வந்து, நான் நிஜமாவே தூக்கணும், தூக்கலாமான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"அந்த வாரம் வேற ஆளு முறைப்பா. ரெண்டு கை தூக்குனா நீங்க ரெட்டிப்பு ஆசீர்வாதம்னு சொல்லி அடுத்த வாரமும் ரெண்டு எதிர்பாப்பீங்க. ஆளுக்கு எங்க போறது? அடுத்த மாசம் மூணாவது சனிக்கிழமை காலியா இருக்கு, அதுல போட்டுக்கலாமான்னு கேட்டேன். சரின்னா. அப்புறம் வரல."

அண்ணன் அந்தப் பெண்ணை ஞாபகப்படுத்திக்கொள்ளப் பார்த்தார். கடைசி வரிசை. பாட்டுப் புத்தகத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் படிப்பாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பவர் மைனஸ் ஆறு இருக்கும் என்று கணித்தது நினைவுக்கு வந்தது. கூட்டம் முடிந்து அவரிடம் ஏதோ சொல்ல வந்தாள். அவர் கடையின் விசிட்டிங் கார்டைக் கொடுத்து அனுப்பினார்.

இரத்தசாட்சிகள் பேசியிருக்கக்கூடிய குரலில் அண்ணன் அறிவித்தார்: நாளையிலிருந்து முறை கிடையாது. யாரும் யாருக்காகவும் கை தூக்க வேண்டாம். நிஜமாக வந்தால் வரட்டும்.

"அப்பா, ஐயா வர்றாரு."

"வரட்டும். பாக்கட்டும். ஒரு கையும் இல்லன்னா இல்லன்னு பாக்கட்டும்."

மகள் அவரை வியப்போடு பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பிடித்திருந்தது. அன்று இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வீரம் வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் தாக்குப்பிடித்தது. சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனபோது புது ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து, "இது தெளிவா? முன்னாடி போட்டதா?" என்று அண்ணனுடைய ராகத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் ஒருவருடைய வலது கண் வில்லையை இடதில் போட்டு அனுப்பிவிட்டார். மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், தண்ணீர் குடிக்கிற சாக்கில் மகள் பக்கம் போனார்.

"கூரியர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்ப்பா. ரொம்ப சந்தோஷப்பட்டான். அண்ணன்னா அண்ணன்தான்னு சொன்னான்."

"நல்லது. சொல்லிட்டியான்னு மட்டும்தான் கேட்டேன்." இன்னொரு தம்ளர் தண்ணீர் குடித்தார். "அவன் சொன்னா உடனே கேட்டுக்கற டைப்பு இல்லியே. எதுக்கும் வந்து நிக்கப் போறான்."

"இல்லப்பா, ரெண்டு தடவ சொன்னேன்."

மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, அவர் முகத்தைப் படித்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போவதற்குச் சொல்வதே மேல்.

மண்டல ஐயா சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஆஜானுபாகுவான ஆள், படியேறும்போதே ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு ஏறினார். கனத்த கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கண்கள் கடுகு போலச் சிறுத்துத் தெரிந்தன. மைனஸ் எட்டுக்குக் குறையாது என்று அண்ணனின் மனம், வேண்டாத வேளையிலும், கணக்குப் போட்டது. ஐயா சுவர் வில்லையைப் பார்த்துத் தலையசைத்தார். அறையில் வேறு ஒன்றுமே இல்லாததைப் பாராட்டினார். மற்ற சபைகளில் கேரம் போர்டைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோயிருந்ததாகச் சொன்னார்.

கூட்டம் நன்றாகவே போனது. பாட்டு, ஜெபம், பிரசங்கம். அன்றைக்கு அண்ணனின் பிரசங்கத்தில் வில்லையே வரவில்லை. வில்லை வராததால் அது சீக்கிரம் முடிந்துவிட்டது. தீர்மான நேரம் வந்தது. மூன்றாவது வரிசையின் ஓரத்தில் ஸ்டாண்டில் இருந்த கீபோர்டில் மகள் வாசிக்க ஆரம்பித்தாள். பதினைந்து தலைகள் குனிந்தன. முன் நாற்காலியில் ஐயா மட்டும் குனியாமல், திரும்பி உட்கார்ந்து, வயலைப் பார்க்கிற விவசாயி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் அழைத்தார். ஒரு கையும் உயரவில்லை. மறுபடி அழைத்தார். யாரோ இருமினார்கள். கூரியர் நல்ல பிள்ளையாக இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்திருந்தான், தவறிக்கூட உயர்ந்துவிடக் கூடாது என்று. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவனுக்கு இதை விட்டால் வேறு நாள் கிடைக்கவில்லை.

ஐயா எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "நீங்க போய் உக்காருங்க தம்பி. சில நேரம் வீட்டுச் சத்தம் காதுல விழாது, வெளிச் சத்தம் விழும்" என்றார், மைக்கை மூடாமலே. அண்ணன் மூன்றாவது வரிசையில், கீபோர்டுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. நான் மட்டும் பாக்கறேன்" என்றார் ஐயா.

எல்லாரும் என்றால் அண்ணனும்தான். கண்ணை மூடினார். அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது: தான் இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. மீசை முளைக்கும் முன்பே ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க முன்னால் நிறுத்திவிட்டார்கள். அன்று முதல் மேடைதான், மைக்தான். தூக்கவைத்துப் பழக்கமே தவிர, தூக்கிப் பழக்கமில்லை. யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்கிறவரே அவராக இருந்தார்.

ஐயாவின் குரல் தழுதழுத்தது. யாரோ ஒருவர் இருக்கிறீர்கள், வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறீர்கள், உங்களுக்கு இடம் இல்லை என்று நினைத்துவிட்டீர்கள் என்றார். எல்லாக் கூட்டத்திலும் சொல்வதுதான். அண்ணனே ஆயிரம் முறை சொன்னதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது, பாட்டுப் புத்தகத்தை மூக்கருகில் வைத்துப் படிக்கும் அந்தப் பெண் கையில் ஒரு விசிட்டிங் கார்டோடு படியிறங்குவது தெரிந்தது. பேச வந்தவள் என்ன சொல்ல வந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. எது முக்கியம் என்று சுவர் நிறைய எழுதிவைத்துவிட்டு, அது வந்து எதிரில் நின்றபோது பவர் பார்த்து அனுப்பியிருக்கிறார். என்னை மன்னியும் என்று மனசுக்குள் சொன்னார். வாயால் எத்தனையோ தரம் சொன்னதை அன்றுதான் சொன்னார்.

அவருடைய வலது கை உயர்ந்தது. பஸ்ஸுக்காக அல்ல, பதவிக்காக அல்ல. பிள்ளைகள் முறை போட்ட நாளிலிருந்து அந்த அறையில் முறை இல்லாமல் உயர்ந்த முதல் கை அது.

ஐயா அந்த நேரம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு, கீபோர்டுப் பக்கம் மங்கலாக ஏதோ ஒன்று எழும்பி நிற்பது மட்டும் தெரிந்தது.

"ஒரு கை! பாத்துட்டேன்! கீழ போட்டுக்கலாம். ஸ்தோத்திரம்!"

அண்ணன் கையைக் கீழே போட்டார். உடம்பு லேசாகிவிட்டது போல இருந்தது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தார். ஆனால் மண்டல ஐயாவின் பழக்கம் வேறு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லாரும் கண்ணைத் திறங்கள் என்றார். கை தூக்கியவர் யாரோ அவர் பயப்படாமல் எழுந்து முன்னால் வர வேண்டும், மனிதர் முன்பாக அறிக்கையிட வேண்டும் என்றார்.

பதினைந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூரியர் தன் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டி, நான் இல்லை என்று டமாரத்திடம் சைகை செய்தான்.

எழுந்திருக்க வேண்டும் என்றுதான் அண்ணன் நினைத்தார். காலுக்குச் சொல்லியும் பார்த்தார். எழுந்தால் என்னென்ன ஆகும் என்று கால்களுக்கு அவரைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது. இத்தனை வருடம் வாலிபர்களை நடத்தியவர் இன்றைக்குத்தான் மனந்திரும்பினாராம் என்று மண்டலம் முழுக்கப் பேசுவார்கள். பயிற்சி கொடுக்க வேறு ஆளைப் பார்ப்பார்கள். கடையில் ஸ்டூல் ஏற்கெனவே போய்விட்டது. இன்னும் ஒரு நிமிடம் கழித்து எழுந்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

"வெக்கப்படாதீங்க. நாங்க காத்திருக்கறோம்" என்றார் ஐயா.

கீபோர்டு நின்றது. கீபோர்டு வாசிக்கிறவர்கள் கண்ணை மூடுவதில்லை. மகள் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அப்பாவின் நாற்காலியைக் கடந்து போகும்போது அவரைப் பார்க்கவில்லை. நேரே முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் ஐயா" என்றாள்.

ஐயா அவள் தலையில் கைவைத்தார். யார் வீட்டுப் பிள்ளையம்மா என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அவருக்கு மறுபடியும் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. தன் சொந்த வீட்டிலேயே அறுவடை செய்கிற ஊழியனை இந்த மண்டலத்தில் முதல்முறையாகப் பார்க்கிறேன், இவரைவிடத் தகுதியானவர் யார், அடுத்த மாதம் முதல் எல்லா வாலிபர் தலைவர்களும் இவரிடம்தான் வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். டமாரம் விசிலும் அடித்தான்.

மகளுக்கு அது ஐந்தாவது முறை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வாலிபர் அண்ணனும் கை தட்டினார்.